மூடிமேல் ஒரு வேடிக்கை

அக்டோபர் 4, 1999

வாலுவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

இன்று காலை எங்கள் தொழிற்சாலைக்குப் புது மூடிகள் வந்து இறங்கின. பீன்ஸ் சூப் டப்பாவுக்கு உங்கள் விளம்பரக் கம்பெனி வரைந்து கொடுத்த மூடி. கண்ணாடி போட்ட பூச்சி ஒன்று கம்ப்யூட்டர்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில்: "காலாவதி: 1900. கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லும். நம்பாதீங்க, சாப்பிடுங்க." மேலாளர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க தம்பி எழுதினதாமே?" என்றார். ஆமாம் என்றேன். ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். புது வருடம் பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும், லிஃப்ட் நிற்கும், விளக்கு அணையும் என்று ஊரே பயந்துபோய் டப்பா வாங்கி அடுக்குகிறது. சரி, நீ வேடிக்கை பண்ணுகிறாய். ஆனால் நான் பதினாறு வருடமாக இந்த ஆலையில் தரம் பார்க்கிறவள். டப்பாவைத் திறக்குமுன் மூடியைப் பாருங்கள், தேதியைப் பாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறவள். நீ அதே மூடியில் "நம்பாதீங்க" என்று எழுதியிருக்கிறாய். நிஜத் தேதி அடியில், எறும்பு அளவு எழுத்தில் இருக்கிறது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாகிறது, அவரால் அதைப் படிக்க முடியாது. நீதான் ஆபரேஷனுக்கு வரவில்லையே, உனக்கு எங்கே தெரியப் போகிறது.

அந்த வரியை எடுத்துவிடு.

அக்கா


அக்டோபர் 9

டப்பா வேகவைக்கும் நீராவி அம்மையார் அவர்களுக்கு,

உத்தரவு கிடைத்தது. நிறைவேற்ற இயலாமைக்கு வருந்துகிறேன்.

அக்கா, இங்கே பேப்பரைத் திறந்தால் பயம், டிவியைப் போட்டால் பயம். எங்கள் கட்டிடத்து லிஃப்ட்காரர், "ஒண்ணாம் தேதி நான் படியிலதான் ஏறுவேன்" என்கிறார். இப்படி நடுங்கிக்கொண்டிருக்கிற ஜனங்களை ஒரு பூச்சி சிரிக்க வைத்தால் என்ன குறைந்துவிடும்? கடைகளில் டப்பா நிற்க மாட்டேன் என்கிறது. உங்கள் முதலாளி என் தோளில் கை போட்டு, "நீ சிரிப்பை விக்கிறய்யா" என்றார். அது உன் தொழிற்சாலைக்கும்தானே நல்லது?

யாரும் அதை நிஜம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. உனக்குத்தான் எதைப் பார்த்தாலும் முகம் சுளிக்கிறது.

ஆபரேஷன் விஷயம். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. எத்தனை தடவை சொல்வது?

வாலு


அக்டோபர் 29

தம்பிக்கு,

இதை நிதானமாகப் படி. சிரிக்க எதுவும் இல்லை.

டப்பாக்களை மூடியபின் ஆளுயர இரும்புக் கலன் ஒன்றில் அடுக்கி நீராவியில் வேகவைப்போம். நாங்கள் அதைப் பெரிய குக்கர் என்போம். எழுபது நிமிடம் வேக வேண்டும். குறைந்தால் உள்ளே ஒரு கிருமி சாகாமல் தங்கி, காற்றில்லாத டப்பாவுக்குள் விஷமாக வளரும். நாற்றம்கூட இல்லாமல் போகலாம். ஒரு ஸ்பூன் போதும்.

புதன்கிழமை மதியம், 2000-ஐத் தாண்டுமா என்று பார்க்க, கம்ப்யூட்டர்காரர் குக்கரின் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார். காலிக் குக்கரில்தான் செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். மேலாளர், "ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, சும்மா ஓட விடாதீங்க" என்று ஆயிரத்து இருநூறு டப்பாவை ஏற்றச் சொல்லியிருக்கிறார். தேதி 00 ஆனதும், 99-க்கும் 00-க்கும் நடுவே முன்பின் பார்க்காமல் தொண்ணூற்றொன்பது வருடம் வெந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பத்தொன்பதாவது நிமிடத்தில் நீராவியை மூடிவிட்டது. "சமையல் முடிந்தது" என்று அறிக்கையும் கொடுத்தது.

குக்கரின் பக்கத்தில் ஒரு பேனா முள் வட்டக் காகிதத்தில் வெப்பத்தைக் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கம்ப்யூட்டரோடு சம்பந்தமில்லை. இன்று காலை அந்தக் காகிதங்களை அடுக்கும்போதுதான் பார்த்தேன். கோடு ஏறியது, உடனே விழுந்துவிட்டது.

டப்பாக்கள் போய்விட்டன. முன்பெல்லாம் பத்து நாள் கிடங்கில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். உன் மூடி வந்த பிறகு ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. மாதிரிக்கென்று எடுத்து வைத்த இருபத்து நாலு மட்டும் இருக்கிறது. அந்தத் தடவை வெந்த எல்லா டப்பாவின் அடியிலும் 417 என்று குத்தியிருக்கும். உன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பிரிந்து போயிருக்கிறது.

மேலாளரிடம் காகிதத்தைக் காட்டினேன். "பேனா மை தீர்ந்திருக்கும், விடுங்க" என்றார்.

முதலாளி உன் தோளில் கை போடுகிறவர். நீ சொல்.

புதன்கிழமை மதியம் நான் ஆலையில் இல்லை. அப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன்.

அக்கா


நவம்பர் 3

அக்காவுக்கு,

படித்தேன். மூன்று தடவை.

நீ சொல்வது சரியாக இருக்கலாம். பேனா மை தீர்ந்தும் இருக்கலாம். இதைக் கேட்டால் கோபப்படுவாய், ஆனால் கேட்கிறேன்: உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? கம்ப்யூட்டரைத் தப்பு என்கிறாய், ஒரு காகிதத்தை நம்பச் சொல்கிறாய். முதலாளி முன்னால் போய் நின்று அதைச் சொன்னால், "பூச்சி உன் மண்டைக்குள்ள பூந்துடுச்சா" என்பார்.

புது வருடம் வரை வாரம் ஒரு முழுப் பக்க விளம்பரம். எல்லாம் என் பொறுப்பு. ஏழு வருடத்தில் முதல்முறையாக ஒருவன் என் வேலையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்கிறான். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் உனக்கு உண்மை எழுதாத மாதிரி ஆகும்.

அந்த இருபத்து நாலு டப்பா என்ன ஆகிறது என்று பார். அப்புறம் பேசுகிறேன்.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

பார்த்துவிட்டேன். சூடான அறையில் வைத்த இருபத்து நாலில் பதினொன்று உப்பிவிட்டது. மேலாளர், "மூடி மடிப்பு சரியா விழல, காத்து புகுந்திருக்கும்" என்கிறார். அறைச் சாவியை வாங்கிக்கொண்டார். அதற்கு முன் ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டு என்றால் திருட்டு.

வீட்டுக்கு வந்து அப்பாவின் அலமாரியைத் திறந்தேன். முப்பத்தாறு டப்பா அடுக்கி வைத்திருக்கிறார். பயத்தில் இல்லை, மகன் எழுதிய வரி என்று. ஐந்தின் அடியில் 417. அதே எண்ணோடு இன்னொன்று, காலி, கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இதை எப்பப்பா சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம். ஏன், உனக்கு வேணுமா?"

"சுட வைச்சீங்களா?"

"கொதிக்கக் கொதிக்க. பல்லு கூசற அளவுக்கு. என்னம்மா விசாரணை?"

நன்றாகக் கொதித்தால் விஷம் முறியும் என்கிறார் டாக்டர். ஆனாலும் பத்து நாள் பார்க்க வேண்டும். முதலில் இமை தொங்குமாம், இரண்டிரண்டாகத் தெரியுமாம், பேச்சு குழறுமாம். தினமும் காலையில் விரலைக் காட்டி எத்தனை என்று கேட்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "நல்லாத் தெரியுதும்மா, உன் மூஞ்சிதான் சரியில்ல" என்கிறார்.

இன்னொன்று. கம்பெனிக்கு வந்த ஒரு கடிதத்தை எழுத்தர் எனக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். இதோடு இருக்கிறது. உன் ஊரில் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற ஒரு பெண். "உங்கள் டப்பா வாங்கினேன். மூடி கொஞ்சம் மேலே தூக்கியிருக்கிறது. ஆனால் மூடியிலேயே நம்பாதீங்க, சாப்பிடுங்க என்று போட்டிருக்கிறது. என் மகளுக்கு நாலு வயது. கொடுக்கலாமா? பதில் போடவும்." முகவரி தெளிவாக இருக்கிறது. நான் தபாலில் பதில் போட்டால் போய்ச் சேர இரண்டு மூன்று நாள். இதை இன்றிரவு உன் ஊருக்கு வரும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன், உனக்கு அங்கிருந்து அரை மணி நேர பஸ். கிடைத்த உடனே போ. போய் அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிடு.

அக்கா


நவம்பர் 16

அக்காவுக்கு,

அப்பா எப்படி இருக்கிறார்? முதலில் அதை எழுது.

நேற்று முதலாளியைப் பார்த்தேன். நீ எழுதியதை எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே ஆரஞ்சுப் பழம் உரித்தார். உரித்து முடித்துவிட்டு, "புது வருஷம் முடியட்டும், பாத்துக்கலாம். நீ சிரிப்பு விக்கிற ஆளு. சாவு பத்தி உனக்கென்ன பேச்சு?" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. சனிக்கிழமை முழுப் பக்கத்தைப் பத்திரிகை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். கொடுத்தபின் யாரும் பார்ப்பதில்லை. அதில் வேடிக்கைக்குப் பதில் எச்சரிக்கை போட்டுவிடுகிறேன். வாசகத்தை நீயே யோசித்து வை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஆலை போனில் கூப்பிடுகிறேன். ஒரு சொல்லும் மாற்ற மாட்டேன். வேலை போகும். போகட்டும்.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மறுபடி போகிறேன்.

தம்பி


நவம்பர் 22

அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை போனில் நீ சொல்லச் சொல்ல எழுதியதை அப்படியே போட்டேன். "டப்பாவின் அடியில் 417 என்று இருந்தால் திறக்காதீர்கள். சரியாக வேகாதவை. உள்ளே விஷம் இருக்கலாம். கடையில் திருப்பிக் கொடுங்கள்." பக்கம் ஏற்கெனவே தயாராகிவிட்டதால் படத்தை மாற்ற முடியவில்லை. மேலே அதே பூச்சி, அதே கண்ணாடி.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் நின்றேன். இரண்டு பேர் என் விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சத்தமாகப் படித்தார். "உள்ளே விஷம் இருக்கலாம்" என்ற இடத்தில் இருவரும் சிரித்தார்கள். "போன வாரத்தைவிட இது நல்லாருக்கு" என்றார் ஒருவர். "இல்லைங்க, இது நிஜம்" என்றேன். "நீங்க கம்பெனி ஆளா, நல்லா நடிக்கிறீங்க" என்றார்.

கடைகளில் 417 கேட்டு வாங்குகிறார்களாம். அதிர்ஷ்ட எண் போட்டி என்று பேச்சு.

அக்கா, ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. ஏழு வாரமாக நான் அவர்களுக்குப் பழக்கிக் கொடுத்ததைச் செய்கிறார்கள்.

பத்து மணிக்கு வேலை போய்விட்டது. நான் இப்போது ஒரு சாக்குப் பையோடு கடை கடையாகப் போகிறேன். இன்று வரை எண்பத்து மூன்று டப்பா. வேறு என்ன செய்வது, சொல்.

தம்பி


நவம்பர் 27

தம்பிக்கு,

அப்பாவுக்குப் பதினைந்து நாள் தாண்டிவிட்டது. ஒன்றுமில்லை. இன்று காலையில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உன் கடிதம் கிடைத்ததும் வட்டக் காகிதத்தையும் உப்பிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். "எல்லாரும் கம்ப்யூட்டர் கமிட்டில இருக்காங்க, ஜனவரிக்கு மேல வாங்க" என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள். கடைசியில் அதிகாரி அம்மா எரிச்சலோடு கூப்பிட்டு, "என்னம்மா, மனு எங்கே?" என்றார். மனு கொண்டுபோகவில்லை. டப்பாவை மேஜையில் வைத்தேன். இரண்டு பக்கமும் பந்து மாதிரி புடைத்திருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அப்புறம் காகிதத்தை விரித்துக் கோட்டைக் காட்டினேன். அவரும் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் இருந்தவராம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, போனை எடுத்தார்.

நேற்று மாலையிலிருந்து ரேடியோவில் சொல்கிறார்கள். செய்திக்கு நடுவில், சாதாரணக் குரலில். அதை யாரும் வேடிக்கை என்று நினைக்க மாட்டார்கள். குக்கருக்குச் சீல் வைத்தாயிற்று. என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சலவைக்கடைப் பெண்ணைப் பற்றி நீ எழுதவே இல்லை. போனாயா இல்லையா?

அக்கா


டிசம்பர் 9

அக்காவுக்கு,

போகவில்லை. வீடு பூட்டியிருந்தது என்று எழுதியது பொய்.

உன் கடிதம் வந்த அன்று பஸ் நிறுத்தம் வரை போனேன். பஸ்ஸும் வந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து, "நீங்க யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்தேன். ஏறவில்லை. ஒரு முழுப் பக்கம் போட்டால் ஊருக்கே சொன்ன மாதிரி, இவருக்கும் சேர்த்துத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

உன் கேள்வியைப் படித்த அன்றே போனேன், நவம்பர் முப்பது. பக்கத்து வீட்டம்மாள் திண்ணையில் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். "அவளை ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க. கடையில இஸ்திரிப் பெட்டி ரெண்டா தெரியுதுன்னா. ஒரு சட்டையைப் பொசுக்கிட்டா. அப்புறம் பேச்சு வரல" என்றார்.

கம்பெனி பதில் போடும் என்று அந்த டப்பாவை அலமாரியிலேயே வைத்திருந்தாராம். சனிக்கிழமை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, இதுவும் தமாஷ்தான் என்று புதன்கிழமை திறந்திருக்கிறார். குழந்தைக்குக் கொடுக்குமுன் தான் ஒரு வாய் ருசி பார்த்திருக்கிறார். ஏதோ ஒரு மாதிரி இருந்ததால் மீதியைக் கொட்டிவிட்டார். குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

மூச்சு விட முடியாமல் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். கை விரல் மட்டும் அசைகிறது. கண்ணைத் திறக்க நர்ஸ் இமையைத் தூக்கிவிட வேண்டும். டாக்டர் பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. அந்த வார்டில் வேறொரு பேச்சு ஓடுகிறது: ஒண்ணாம் தேதி அந்த இயந்திரம் ஓடுமா என்று. இயந்திரக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார்களாம், பதில் வரவில்லையாம். இரண்டு மாதம் முன்னால் இதைக் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பூச்சி வரைந்திருப்பேன்.

குழந்தையைத் தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். நான் யார் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

என்னைத் திட்டி எழுது.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

திட்டப் போவதில்லை. திட்டினால் உனக்குக் கொஞ்சம் லேசாகிவிடும்.

நானும் அன்று இரண்டு மூன்று நாள் என்று கணக்குப் பார்க்காமல் ஒரு கார்டு போட்டிருக்கலாம். பதினைந்தாம் தேதி கிடைத்திருக்கும். தம்பி இருக்கிறானே என்று விட்டேன். இது தினமும் காலையில் ஞாபகம் வருகிறது.

ஆயிரத்து இருநூறில் ஆயிரத்து நூற்று நாற்பது வந்துவிட்டது என்று அதிகாரி அம்மா சொன்னார். மீதி எங்கே என்று தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியும்போது நீ யார் என்று சொல். அவர் கேட்கும்வரை காத்திருக்காதே.

அக்கா


ஜனவரி 6, 2000

அக்காவுக்கு,

இயந்திரம் நிற்கவில்லை. முப்பத்தொன்றாம் தேதி கையால் காற்றடிக்கும் பையோடு இரண்டு நர்ஸ்கள் அந்தப் பெண்ணின் கட்டிலருகே முறை போட்டு உட்கார்ந்திருந்தார்களாம். காலையில் போனபோது அந்தப் பை ஜன்னலோரம் கிடந்தது. திங்கட்கிழமை குழாயையே எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறார். குரல் இன்னும் வரவில்லை. ஒரு சிலேட்டில் எழுதுகிறார்.

நேற்று சொன்னேன். மூடியில் இருந்த வரியும் பேப்பரில் வந்த பக்கமும் நான் செய்தது, உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இரண்டு வாரம் இருந்தது என்று. சொல்லும்போது குழந்தை என் மடியில் இருந்தது. அவர் என்னையே பார்த்தார். சிலேட்டை இழுத்து எழுதினார்: "ரெண்டும் படிச்சேன். சிரிச்சேன்."

சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். குழந்தையைக் கையசைத்துத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இன்று காலை போகலாமா என்று தயங்கித்தான் போனேன். சிலேட்டைத் தயாராக வைத்திருந்தார். "உனக்கு எழுத வரும். கம்பெனி மேல புகார் எழுதித் தா." நர்ஸிடம் காகிதம் வாங்கி அங்கேயே எழுதினேன். கம்பெனி, முதலாளி, மேலாளர், குக்கர், தேதி எல்லாம். முழுதும் படித்துவிட்டு அவர் ஒரு கேள்வி எழுதினார்: "உன் பேர் எங்கே?"

வாங்கி, மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இப்போது முதல் பத்தியிலேயே என் பெயர் இருக்கிறது. அதன் பிறகுதான் முதலாளி. அவர் மெதுவாக, கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்துக்குக் கால் மணி நேரம்.

ஆலையில் நடந்தது எனக்கு நேரில் தெரியாது. அதற்கு ஒரு சாட்சி வேண்டும். கடைசியில் இடம் விட்டிருக்கிறேன்.

தம்பி


ஜனவரி 10

வாலுவுக்கு,

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அப்பாவும் வருகிறார். உன்மேல் புகார் என்று சொன்னதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு முன்னாடி நான் போய் நிக்கணும்" என்று சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமைதான் அப்பா என்று சொல்லிக் கழற்ற வைத்தேன்.

குக்கர் ஓடிய அந்தப் புதன்கிழமை மதியம் நான் ஆலையில் இல்லை என்பதையும் சேர்த்து எழுது. சாட்சி சொல்ல வருகிறவள் அதை மறைக்கக் கூடாது.

அக்கா